ஸ்கோர் அட்டையின் பின்பக்கம்

கீலிக்கு வயது பதினாறு. அவளுடைய ஒரே சிநேகிதிக்கு எண்பத்திரண்டு. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அசதி ஒன்றுதான் என்று பெரிங்கா என்ற அந்தச் சின்ன ஊரில் கேலி பேசுவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கீலி பேக்கரியில் நிற்க வேண்டும். பன்னிரண்டு மணிவரை ரொட்டி அடுக்கி, தட்டு கழுவி, வீட்டுக்கு ஓடி, மாவு படிந்த சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் கிளப்பின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு மணிக்குப் பவுல்ஸ் மைதானத்துக்கு வந்துவிட வேண்டும். மற்ற நாளில் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம். அம்மா டோனியாவுக்குப் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு ஷிப்ட் முடிந்த கையோடு அடுத்த ஷிப்டும் பார்ப்பாள். தாயும் மகளும் ஃபிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டித்தான் பேசிக்கொண்டார்கள். அப்பா மேற்கே ஏதோ ஒரு சுரங்கத்தில் இருந்தார். அவரிடமிருந்து சீட்டும் கிடையாது.

சிநேகிதியின் பெயர் வால்டா. கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருடம் இணைப்புக் கொடுத்தவள். "நான் காதுல வாங்குனதை வெளிய சொல்லியிருந்தா இந்த ஊர்ல பாதிக் கல்யாணம் நடந்திருக்காது. மீதிப் பாதி நீடிச்சிருக்காது" என்பாள். சொன்னதே இல்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறைய உண்டு.

இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடையில், வீட்டில் ஏசி செத்துப்போன ஒரு நாளில், அம்மா கீலியைக் கிளப் கட்டிடத்தில் இறக்கிவிட்டுப் போனாள். வால்டா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு வேற போக்கிடம் இல்லையா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல. உக்காரு."

அதுதான் ஆரம்பம். அதற்குமேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சிநேகிதம் பெரும்பாலும் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது.

பவுல்ஸைக் கிழவர்களின் கோலிக்குண்டு என்பவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். புல்தரையின் அந்தக் கோடியில் ஒரு வெள்ளைக் குட்டிப் பந்து கிடக்கும். அதற்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி உன் பெரிய பந்தை உருட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெரிய பந்து நேராகப் போகாது. வேகம் குறையக் குறைய ஒரு பக்கமாக வளையும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் வளையும் என்பதற்கு அடையாளமாக ஒருபுறம் சின்ன முத்திரை, மறுபுறம் பெரிய முத்திரை. சின்னதை உள்பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும். மாற்றிப் பிடித்துவிட்டால் பந்து எதிர்த்திசையில் வளைந்து, பக்கத்துத் தடத்தில் ஆடுகிறவர்களின் காலுக்குள் போய் நுழையும். 'தப்புப் பக்கம்' என்று அதற்குப் பேர். புதிதாக வந்தவர்கள் செய்வது. பெரிங்கா கிளப்பில் அதற்குத் தண்டனையும் உண்டு: அன்றைய டீக் கப்புகள் அத்தனையையும் கழுவ வேண்டும்.

ஓர் அணிக்கு நாலு பேர். முதலில் உருட்டுகிறவள் வால்டா, இரண்டாவது கீலி, மூன்றாவது ஜோன் என்கிற வாயாடி, கடைசியாகக் கேப்டன் கோலின். இரண்டாவதாக ஆடுகிறவர்தான் ஸ்கோர் அட்டையை வைத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். அதனால் கீலியின் கையில் எப்போதும் ஓர் அட்டையும் பென்சிலும் இருக்கும். கிளப் அலமாரியில் பழைய முகவரி அச்சிட்டதால் உபயோகமில்லாமல் போன அட்டைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றில் நாலைந்தை உருவி நடப்பு அட்டைக்கு அடியில் சொருகிக்கொள்வாள். மற்றவர்கள் ஆடி முடிக்கும்வரை பின்பக்கத்தில் எழுதுவாள். சின்னச் சின்ன வரிகள்.

*குழாயைத் திறந்தால்*
*முதலில் மண் வருகிறது,*
*பிறகு தண்ணீர்.*
*அம்மாவும் அப்படித்தான்.*
*வேலை முடிந்து வந்தால்*
*முதலில் கோபம்,*
*பிறகு அம்மா.*

இதைப் படித்த ஒரே ஆள் வால்டா.

"வரி எதுக்குப் பாதியிலேயே நின்னுபோகுது? அட்டை பத்தலையா?"

"அது மூச்சு வாங்குற இடம், வால்டா."

"பதினாறு வயசுல என்னடி மூச்சு வாங்குது உனக்கு?" என்றவள் அட்டையை இன்னொரு முறை படித்தாள். "கடைசி வரி நல்லா இருக்கு. உன் அம்மாகிட்டக் காட்டாதே, அழுதுருவா. அழறதுக்கும் தெம்பு வேணும்."

ஜனவரி மாதம், அங்கே அது கோடையின் உச்சம், காற்று அனலாக வீசிய ஒரு சனிக்கிழமை, வால்டா உருட்டிய பந்து தப்புப் பக்கம் போனது. நாற்பது வருடமாக ஆடுகிறவள்! மைதானமே கைதட்டிச் சிரித்தது. வால்டாவும் சிரித்தாள். அன்று கப்புகளைக் கழுவிவிட்டு, "என் வாழ்க்கையில இதுதான் முதல் தடவை, எழுதி வச்சுக்குங்க" என்று ஜம்பமாகச் சொன்னாள். அடுத்த வாரமும் போனது. அப்போது பாதிப் பேர்தான் சிரித்தார்கள். கோலின் சிரிக்கவில்லை.

கோலின் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கீலிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோதுமைக் காட்டை மகனிடம் விட்டுவிட்டு இந்த மைதானத்தைப் புல் புல்லாகப் பார்த்துக்கொள்ளும் மனிதர். தேநீர் நேரத்தில் ஜோனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இன்னொரு தடவை ஆச்சுன்னா உக்கார வச்சிர வேண்டியதுதான். டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை போட்டு வைக்கணும். அவ கார் வேற ஓட்டுறா."

கீலியின் காதில் விழுந்தது. இந்த ஊரில் அது எப்படி எப்படிப் போகும் என்று அவளுக்கு அத்துப்படி. அம்மா வேலை பார்க்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் முதலில் கார் சாவியைக் கொடுத்தவர்கள்தான். சாவி போகும், பிறகு வீடு போகும், பிறகு ஆளே போய்விடும். வால்டாவும் போய்விட்டால் சனிக்கிழமையில் என்ன இருக்கிறது? ஒரு ரொட்டிக்கடையும் ஒரு ஃபிரிட்ஜ் கதவும்.

அதனால் அடுத்த வாரம் முதல் கீலி பந்தை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். வால்டாவுக்கு முட்டி மடங்காது. குனிந்து எடுப்பது கஷ்டம். யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எடுக்கும்போதே சின்ன முத்திரையை உள்பக்கம் திருப்பி, அப்படியே வால்டாவின் உள்ளங்கையில் வைப்பாள். வால்டா அப்படியே உருட்டுவாள். அந்தக் கைக்கு நாற்பது வருடப் பழக்கம். பந்து அழகாக வளைந்து வெள்ளைப் பந்தின் பக்கத்தில் போய் நிற்கும்.

"எவ்வளவு நல்ல பொண்ணு!" என்றாள் ஜோன்.

நல்ல பெண்ணுக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

வெளியூர் ஆட்டங்களுக்கு வால்டாவும் கீலியும் மட்டும் வால்டாவின் காரில் போவார்கள். பழைய வெள்ளைக் கார். சீட்டில் முட்டை சாண்ட்விச் வாசனை நிரந்தரமாகக் குடியிருந்தது. நாலாவது வாரம் திரும்பி வரும்போது, கோதுமைக் கிடங்குகளைத் தாண்டி இருக்கும் கேட் இல்லாத ரயில் கடவையில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. வால்டா நிறுத்தவில்லை. மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே தண்டவாளத்தைக் கடந்தாள். பின்னால் சரக்கு ரயில் நீளமாக அலறிக்கொண்டு போனது.

"அந்த விளக்கு எப்பவுமே ரிப்பேர்தான்" என்றாள் வால்டா.

ரிப்பேர் இல்லை. கீலி அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயால், "மழை வரும்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டாள். அவள் செய்ததில் இதுதான் பெரிய தப்பு. அப்போதே அது அவளுக்குத் தெரியும்.

ஆறாவது வாரம் டோரம் என்ற ஊரில் ஆட்டம். முந்தின நாள் பள்ளியில் தேர்வு, காலையில் பேக்கரியில் இரண்டு பேர் வராததால் அவள் தலையில் மூன்று பேர் வேலை. நின்றுகொண்டே தூங்கிவிடுவாள் போலிருந்தது. அடியில் சொருகியிருந்த பழைய அட்டைகள் தீர்ந்துபோனதையோ, தான் எழுதுவது அன்றைய ஆட்டத்தின் அட்டைக்குப் பின்பக்கத்திலேயே என்பதையோ அவள் கவனிக்கவில்லை. ஆட்டம் முடிந்து ஜெயித்துவிட்டார்கள். இரண்டு கேப்டன்களும் கையெழுத்துப் போட வேண்டும். கீலி அட்டையைக் கோலினிடம் நீட்டிவிட்டுப் போய் நாற்காலியில் விழுந்தாள்.

தேநீர் முடிந்ததும் கேப்டன்கள் எழுந்து பேசுவது சம்பிரதாயம். மைதானத்தை வாழ்த்த வேண்டும், சாண்ட்விச் செய்த பெண்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஒரு மொக்கை ஜோக் அடிக்க வேண்டும். கோலினுக்கு ஜோக் வராது. ஜெயித்த குஷியில் அட்டையைத் திருப்பியவர் முகம் மலர்ந்தது.

"இங்க பாருங்கப்பா, எங்க அணியில கவிஞர் வேற இருக்காங்க! படிக்கிறேன், கேளுங்க."

கீலி எழுந்திருப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். கண்ணாடி போடாமல், அட்டையைத் தள்ளிப் பிடித்து, எழுத்துக்கூட்டி.

*என் சிநேகிதிக்கு முட்டி மடங்காது.*
*பந்தை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.*
*எவ்வளவு நல்ல பெண் என்கிறார்கள்.*

"ஆஹா!" என்றாள் ஜோன். டோரம்காரர்கள் கைதட்டினார்கள்.

*நல்ல பெண் எல்லாம் இல்லை.*
*கொடுக்கும் முன்*
*சின்ன முத்திரையை உள்பக்கம் திருப்பிவிடுகிறேன்.*
*ஆறு வாரமாகிறது.*
*எந்தப் பக்கம் என்று...*

அங்கேதான் அவருக்கு உறைத்தது. நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "சாண்ட்விச் ரொம்ப நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வால்டா கையில் இருந்த பாதி சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தாள். எழுந்தாள். கைப்பையை எடுத்தாள்.

"வா போகலாம்" என்றாள் கீலியிடம்.

பத்து கிலோமீட்டர் தாண்டியதும் வால்டா கேட்டாள்.

"கோலின் நிறுத்தினதுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"வேண்டாம், வால்டா."

"நான் படிக்காம உன்னோட ஒரு அட்டை கூடப் போனதில்ல. சொல்லு."

கீலி சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

*எந்தப் பக்கம் என்று*
*அவளுக்கு இப்போது தெரிவதில்லை.*
*தண்டவாளத்திலும் தெரிவதில்லை.*
*நான் பக்கத்து சீட்டில்*
*கண்ணை மூடிக்கொள்கிறேன்.*

வால்டா காரை மெதுவாக ஓரங்கட்டினாள். இறங்கினாள். கதவின் பக்கப் பையிலிருந்து கீலி கார் ஓட்டப் பழகும்போது மாட்டும் மஞ்சள் 'எல்' அட்டைகளை எடுத்து, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் ஒட்டினாள். இந்தப் பக்கம் வந்து கதவைத் திறந்தாள்.

"நீ ஓட்டு."

கீலி ஓட்டினாள். அழுதுகொண்டேதான் ஓட்டினாள். ரயில் கடவையில் விளக்கு எரியவில்லை. இருந்தாலும் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, இன்னொரு முறையும் பார்த்துவிட்டுக் கடந்தாள். வீட்டு வாசலில் சாவியை வாங்கிக்கொண்டு, "ஆறு வாரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமையே வால்டா டாக்டரிடம் போனாள், நடந்து. செவ்வாய்க்கிழமை லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்ற செய்தி பேக்கரிக்கு வந்து சேர்ந்தது. கோலின் கீலியின் வீட்டுக்கே வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா ஏதோ வேடிக்கைக் கவிதைன்னு..." என்று இழுத்தார். அவரைத் திட்டவும் கீலிக்குத் தெம்பில்லை.

வியாழக்கிழமை பேக்கரி பன் இரண்டை எடுத்துக்கொண்டு வால்டா வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே டிவி சத்தம் கூடியது. மறுபடி தட்டினாள். சத்தம் இன்னும் கூடியது. பன்னை வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அடுத்த வியாழனும் அதே. அதற்கடுத்ததும் அதே. பன் மட்டும் ஒவ்வொரு முறையும் காணாமல் போனது. வால்டாவா, பக்கத்து வீட்டு நாயா என்று சொல்ல முடியவில்லை.

அட்டைகளின் பின்பக்கம் காலியாகவே இருந்தது. எழுதினால் யார் படிப்பது?

மார்ச் மாதக் கடைசி ஆட்டம் சொந்த ஊரில். வால்டா இடத்தில் கோலினின் மைத்துனர் ஆடினார். பந்தை உருட்டத் தெரியாது, எறியத்தான் தெரியும். அன்றைக்கும் கீலி காலை ஐந்து மணியிலிருந்து நின்ற காலில் நின்றவள். பாதி ஆட்டத்தில் அவள் முறை வந்தது. பந்தை எடுத்தாள், குனிந்தாள், விட்டாள். நல்ல வேகம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பந்து கம்பீரமாக எதிர்த்திசையில் வளைந்து பக்கத்துத் தடத்துக்குள் போய், ஒரு பெரியவரின் காலணியில் முட்டி நின்றது.

ஒரு கணம் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே ஞாபகம்தான் வந்திருக்க வேண்டும்.

"கப்பு கழுவணும்!" என்று வேலிக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது.

சாமான் தள்ளும் வண்டியைப் பிடித்துக்கொண்டு வால்டா நின்றிருந்தாள். முகமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், அந்த முட்டியோடு.

ஆட்டத்தில் தோற்றார்கள். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எல்லோரும் டீ குடித்து முடித்ததும் கீலி சமையலறைத் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டாள். கப்புகள் குவிந்து கிடந்தன. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வால்டா வந்து துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"எனக்காக வேணும்னே தப்புப் பக்கம் போட்டியா?"

"நீங்க வந்ததையே நான் பாக்கல. தூக்கக் கலக்கம்."

"அப்ப உனக்கும் கிழடு தட்டிருச்சு. குடு."

நாலைந்து கப்பு கைமாறியது. வால்டாவே பேசினாள்.

"பந்தைத் திருப்பி வச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. கோலின் படிச்சதுக்கும் இல்ல. அவன் ஒரு மடையன், சின்ன வயசுலேர்ந்தே எனக்குத் தெரியும். ஆனா கண்ணை மூடிக்கிட்டேன்னு எழுதினியே, அதை என்னால தாங்க முடியல. என் பக்கத்துல பெல்ட்டு போட்டு உக்காந்துக்கிட்டு, தெரிஞ்சே. ரயில் அடிச்சிருந்தா உங்க அம்மாவுக்கு நான் என்ன சீட்டு எழுதி ஃபிரிட்ஜுல ஒட்டுறது?"

கீலியின் கை தண்ணீருக்குள் நின்றது. "சொன்னா நீங்க போயிருவீங்கன்னு பயந்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா ரெண்டு பேருமே போயிருப்போம், கழுதை."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். ரொம்ப நேரம் இல்லை. அதற்கும் தெம்பு வேண்டும்.

"உங்க அம்மா வேலை பாக்குற இடத்துல பேர் குடுத்திருக்கேன்" என்றாள் வால்டா, துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வரிசையில பதினொண்ணாவது ஆளு. எனக்கு முன்னால பத்துப் பேர். அவசரப்படாதீங்கன்னு சொல்லியிருக்கேன்."

"அந்தத் துணியாலயா கப்பு துடைக்கிறீங்க?"

"டோரம்காரங்களுக்கு எடுத்து வைக்கிறேன், அடுத்த வருஷம் வருவாங்க."

கீலி சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே இன்னொரு கப்பை நீட்டினாள். வால்டா அதைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எடுத்துக்கொண்டு போனாள். நாற்பது வருடமாகப் புழங்கிய சமையலறை. போய் ஃபிரிட்ஜைத் திறந்து, பால் பக்கத்தில் அந்தக் கப்பை வைத்தாள்.

கீலியின் கை தானாக நீண்டது. வால்டா திரும்பியதும் எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆறு வாரம் பழகிய கை அது. கீலி அந்தக் கையை மறுபடி தண்ணீருக்குள் விட்டாள்.

"வால்டா, அது ஃபிரிட்ஜ்."

வால்டா அசையாமல் நின்றாள். ஃபிரிட்ஜின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. கப்பை வெளியே எடுத்தாள்.

"ஆமா" என்றாள். பிறகு, "அலமாரி எங்க?"

"உங்க இடது பக்கம். மேல."

வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "சரி, அடுத்தது குடு."

அன்று மொத்தம் முப்பது கப்பு. கீலி இன்னும் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்று முறையும் சொன்னாள்.